நெற்றியில் மாட்டும் ஹெட்செட்... 30 நிமிட மெல்லிய கரண்ட்! வீட்டிலேயே மனச்சோர்வுக்கு மூளைத் தூண்டல் சிகிச்சை உண்மையில் பலன் தருமா?

பார்ப்பதற்குப் பாட்டு கேட்கும் ஹெட்போன் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இதை மாட்டும் இடம் காது அல்ல, நெற்றி. ஸ்பீக்கருக்குப் பதிலாக ஈரப் பஞ்சு வைத்த இரண்டு வட்டங்கள். செல்போன் ஆப்பைத் திறந்து ஸ்டார்ட் கொடுத்தால், அடுத்த 30 நிமிடம் அந்தப் பஞ்சு வழியாக மிக மெல்லிய மின்சாரம் பாயும். நெற்றி லேசாகக் குறுகுறுக்கும். அவ்வளவுதான். அந்த நேரத்தில் டிவி பார்க்கலாம், புத்தகம் படிக்கலாம்.

ஏதோ நள்ளிரவு டெலிஷாப்பிங் பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ, 2025 டிசம்பரில் இந்தக் கருவிக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த ஃப்ளோ நியூரோசயின்ஸ் நிறுவனத்தின் எஃப்எல்-100 என்பது இதன் பெயர். வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் மூளைத் தூண்டல் கருவி ஒன்று, மனச்சோர்வு சிகிச்சைக்காக அங்கே இப்படி அனுமதி பெறுவது இதுதான் முதல்முறை. ஐரோப்பாவில் 2019-லேயே விற்பனைக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

"மாத்திரை வேண்டாம், ஹெட்செட் போதும்" என்ற ரீதியில் ரீல்ஸ்களும் சுற்ற ஆரம்பித்துவிட்டன. அது உண்மையா? 'ஆமாம்', 'இல்லை' என்று ஒரே வார்த்தையில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் ஒரு பெரிய ஆய்வு 'பலன் உண்டு' என்கிறது. அதே தரத்தில் உள்ள வேறு இரண்டு ஆய்வுகள் 'டம்மி கருவிக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை' என்கின்றன.

முதலில் ஒரு சொல் விளக்கம்

மன அழுத்தம் வேறு, மனச்சோர்வு வேறு. செய்திகளில் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவது ரொம்ப நாளாக நடக்கிறது. பரீட்சை, கடன், வேலைக்கெடு என்று வெளியிலிருந்து வரும் நெருக்கடியில் மனம் திணறுவது மன அழுத்தம், அதாவது ஸ்ட்ரெஸ். நெருக்கடி போனால் அதுவும் பெரும்பாலும் போய்விடும்.

மனச்சோர்வு, அதாவது டிப்ரெஷன், ஒரு நோய். குறைந்தது இரண்டு வாரம், நாளின் பெரும்பகுதி, மனம் பாரமாகவே இருக்கும். பிடித்த விஷயம் எதுவும் பிடிக்காது. தூக்கம் கெடும், இல்லாவிட்டால் எழவே முடியாது. பசி போகும். 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் விடாது. 'சும்மா சோம்பேறித்தனம்', 'கோயிலுக்குப் போய்ட்டு வா, சரியாயிடும்' என்று வீட்டில் சொல்வார்களே, பல நேரங்களில் அதற்குப் பின்னால் இருப்பது இதுதான்.

இந்தக் கருவி மனச்சோர்வுக்கானது. அதுவும் 18 வயதைத் தாண்டியவர்களுக்கு, மிதமானது முதல் கடுமையானது வரையிலான பாதிப்புக்கு, மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும். ஆபீஸ் டென்ஷனுக்கு வாங்கி மாட்டிக்கொள்ளும் பொருள் இல்லை.

'ஷாக் ட்ரீட்மென்ட்'டா இது?

இல்லவே இல்லை. மூளைக்கு மின்சாரம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது சினிமாதான். நாயகனைக் கட்டிலில் கட்டிப்போட்டு, வாயில் எதையோ திணித்து, சுவிட்சைத் தட்டியதும் உடம்பு தூக்கிப் போடும் காட்சி. அதோடு சேர்த்து நாலு 'கீழ்ப்பாக்கம்' ஜோக். மனநல சிகிச்சைக்குப் போகவே ஒரு தலைமுறை பயந்ததில் இந்தக் காட்சிகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்தக் காட்சிகள் காட்ட நினைத்த சிகிச்சையின் பெயர் இசிடி, மின்வலிப்பு சிகிச்சை. அதுவும்கூட இன்று சினிமாவில் வருவது போல நடப்பதில்லை. மயக்க மருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகே செய்கிறார்கள். இந்தியாவில் 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மயக்க மருந்து இல்லாமல் இசிடி கொடுப்பதைத் தடை செய்திருக்கிறது. கடுமையான மனச்சோர்வில் அது உயிர் காக்கும் சிகிச்சையாகவும் இருக்கிறது.

ஹெட்செட்டில் வருவது வேறு முறை. அதன் பெயர் டிடிசிஎஸ். மண்டையோட்டைத் திறக்காமல், வெளியிலிருந்து, நேர்மின்னோட்டத்தால் மூளையைத் தூண்டுவது. அளவைப் பார்த்தாலே வித்தியாசம் புரிந்துவிடும். இசிடி கருவி சில நொடிகளுக்குக் கொடுப்பது 800 மில்லி ஆம்பியர் வாக்கில். இந்த ஹெட்செட் கொடுப்பது 2 மில்லி ஆம்பியர். நானூறில் ஒரு பங்கு. வலிப்பும் வராது, மயக்கமும் வராது. இன்னொரு ஒப்பீடு வேண்டுமானால், உங்கள் செல்போன் சார்ஜர் கொடுக்கும் 2 ஆம்பியரில் இது ஆயிரத்தில் ஒரு பங்கு.

அப்படியானால் இவ்வளவு குறைந்த மின்சாரம் மூளையில் என்னதான் செய்துவிடும்? நியாயமான கேள்வி. இதில் பெரும்பகுதி தோலிலும் மண்டையோட்டிலுமே சிதறிவிடுகிறது. கொஞ்சம்தான் உள்ளே போகிறது. அந்தக் கொஞ்சம் எந்த நரம்பணுவையும் நேரடியாக 'வேலை செய்' என்று உசுப்பிவிடாது. நரம்பணு ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல் அளவு உண்டு. அதைத் தாண்டினால்தான் அடுத்த அணுவுக்குச் செய்தி அனுப்பும். நேர்முனைக்குக் கீழே இருக்கும் அணுக்களை இந்த மின்னோட்டம் அந்த வாசலுக்குக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறது. தூங்குபவரைத் தட்டி எழுப்புவது இல்லை. தூக்கத்தின் ஆழத்தைக் குறைத்து வைப்பது என்று சொல்லலாம்.

நேர்முனையை இடது நெற்றிப் பக்கம் வைப்பதற்கும் காரணம் உண்டு. அங்கே உள்ளே இருப்பது முன்மூளையின் மேல் பக்கவாட்டுப் பகுதி. திட்டமிடுவது, முடிவெடுப்பது, உணர்ச்சிகளுக்குக் கடிவாளம் போடுவது எல்லாம் இதன் பொறுப்பில் வருபவை. மனச்சோர்வு உள்ள பலருக்கு இந்த இடது பகுதியின் செயல்பாடு மந்தமாக இருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதைத் திரும்பத் திரும்ப, வாரக்கணக்கில், மெதுவாகத் தூண்டினால் நிலைமை சீராகலாம் என்பதுதான் இதன் அடிப்படை.

மீனில் தொடங்கிய கதை

இந்த யோசனை புதிதும் அல்ல. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோம் நாட்டு மருத்துவர் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ், தீராத தலைவலிக்கு உயிருள்ள மின் திருக்கை மீனைத் தலையில் வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். 1801-ல் இத்தாலியின் பொலோனா நகரத்தில் ஜொவான்னி ஆல்டினி என்ற விஞ்ஞானி, ஆழ்ந்த சோகத்தில் இருந்த ஒரு விவசாயியின் தலையில் பேட்டரி மின்சாரத்தைச் செலுத்தி, அவர் மெல்லத் தேறியதாகப் பதிவு செய்தார். தவளைக் காலில் மின்சாரம் பாய்ச்சிய கால்வானியைப் பள்ளியில் படித்திருப்பீர்களே, அவருடைய சகோதரி மகன்தான் இந்த ஆல்டினி.

பிறகு நீண்ட காலம் இந்த முறையைப் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. 2000-ம் ஆண்டில் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் நிட்ஷே, பவுலஸ் என்ற இருவர், தலைக்கு வெளியிலிருந்து தரும் மெல்லிய மின்னோட்டம் மூளையின் செயல்திறனை மாற்றுகிறது, கரண்டை நிறுத்திய பிறகும் சில நிமிடம் அந்த மாற்றம் நீடிக்கிறது என்று அளந்து காட்டினார்கள். அதன் பிறகுதான் உலகம் முழுக்க ஆய்வுகள் வேகம் எடுத்தன.

ஆய்வு என்ன சொல்கிறது? இங்கேதான் விஷயமே இருக்கிறது

அமெரிக்க அனுமதிக்கு அடிப்படையாக இருந்த ஆய்வு, 2024 அக்டோபரில் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியானது. இங்கிலாந்து, வேல்ஸ் மற்றும் அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த 174 பேர் பங்கேற்றார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு நிஜமான ஹெட்செட், பாதிப் பேருக்கு டம்மி. டம்மியிலும் தொடக்கத்தில் லேசாகக் குறுகுறுப்பு வரும். பிறகு கரண்ட் நின்றுவிடும். யாருக்கு எது என்று பங்கேற்றவர்களுக்கும் தெரியாது, மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது.

முதல் 3 வாரம் வாரத்துக்கு 5 முறை. அடுத்த 7 வாரம் வாரத்துக்கு 3 முறை. கணக்குப் போட்டால் 36 முறை, மொத்தம் 18 மணி நேரம். யாரும் மருத்துவமனைக்குப் போகவில்லை. எல்லாமே வீட்டில், ஆய்வுக் குழுவின் வீடியோ அழைப்பு உதவியோடு நடந்தது.

பலனை அளந்தது ஹாமில்டன் அளவுகோலில். 1960-ல் மாக்ஸ் ஹாமில்டன் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய 17 கேள்விகள். தூக்கம், குற்ற உணர்வு, பசி, பதற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். இந்தப் பரீட்சையில் மார்க் கூடினால் கெடுதல், குறைந்தால் நல்லது. பங்கேற்றவர்கள் ஆரம்பத்தில் சராசரியாக 19 வாக்கில் இருந்தார்கள்.

10 வாரம் கழித்து நிஜ ஹெட்செட் குழுவின் மதிப்பெண் சராசரியாக 9.41 புள்ளி குறைந்தது. அட, பாதியாகிவிட்டதே என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். டம்மி குழுவுக்கும் 7.14 புள்ளி குறைந்தது. ஆக, மின்சாரத்தின் கணக்கில் எழுத வேண்டியது இரண்டுக்கும் நடுவே உள்ள சுமார் 2.3 புள்ளி மட்டும்.

வேறு விதமாகவும் பார்க்கலாம். 'அறிகுறிகள் கிட்டத்தட்ட இல்லை' என்ற நிலைக்கு வந்தவர்கள் நிஜக் குழுவில் 44.9 விழுக்காடு, டம்மி குழுவில் 21.8 விழுக்காடு. நூற்றுக்கு 45 பேர், 22 பேர். கேட்க இது பெரிய வித்தியாசமாக இருக்கிறது. 2.3 புள்ளி என்றால் சின்னதாகத் தெரிகிறது. இரண்டும் ஒரே ஆய்வின் எண்கள்தான். விளம்பரத்தில் எந்த எண் வரும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது ஃப்ளோ நிறுவனமே. மருத்துவ உலகில் இது வழக்கம்தான், தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் படிப்பவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இன்னொரு விஷயமும் இருக்கிறது. 'உங்களுக்குக் கிடைத்தது நிஜமா, டம்மியா?' என்று கடைசியில் கேட்டபோது, நிஜக் குழுவில் 77.6 விழுக்காட்டினர் 'நிஜம்' என்றார்கள். டம்மி குழுவில் அப்படிச் சொன்னவர்கள் 59.3 விழுக்காடு. நெற்றி சிவப்பதை வைத்துச் சிலர் கண்டுபிடித்திருக்கலாம். நிஜமான கருவி என்ற நம்பிக்கையே கொஞ்சம் குணமாக்கியிருக்கலாம் என்ற சந்தேகத்தை இதனால் முழுசாகத் தள்ளிவிட முடியவில்லை.

'வித்தியாசம் இல்லை' என்ற இரண்டு ஆய்வுகள்

பிரேசிலில் 210 பேரிடம், இதேபோல வீட்டிலேயே, 6 வாரம் ஓர் ஆய்வு நடந்தது. 2024-ல் 'ஜாமா சைக்கியாட்ரி' இதழில் முடிவு வந்தது. மின்தூண்டல் மட்டும் பெற்றவர்கள், மின்தூண்டலோடு செல்போன் வழி மனப்பயிற்சியும் பெற்றவர்கள், இரண்டுமே டம்மியாகப் பெற்றவர்கள் என்று மூன்று குழு. மூன்று குழுவும் தேறின. மூன்றுக்கும் நடுவே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

அதற்கு முந்தைய ஆண்டு ஜெர்மனியில், 2023-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு. 8 மருத்துவமனைகள், 160 நோயாளிகள். இவர்கள் ஏற்கெனவே மனச்சோர்வு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர்கள். அதோடு சேர்த்து 6 வாரம் மின்தூண்டல், மருத்துவமனையிலேயே. இங்கும் டம்மியை விடக் கூடுதல் பலன் தெரியவில்லை.

ஏன் இப்படி முரண்படுகிறது? கால அளவு ஒரு காரணமாக இருக்கலாம். பலன் காட்டிய ஆய்வு 10 வாரம், மற்ற இரண்டும் 6 வாரம். மூளை மெதுவாகத்தான் மாறுகிறது என்றால், பாதியிலேயே அளந்தால் எப்படித் தெரியும்? கண்காணிப்பு இன்னொரு காரணமாக இருக்கலாம். பிரிட்டன்-அமெரிக்க ஆய்வில் வீடியோ வழியாக ஆள் துணை இருந்தது; பிரேசிலில் நோயாளிகள் தாங்களாகவே மாட்டிக்கொண்டார்கள். பஞ்சு சரியான இடத்தில் உட்கார்ந்ததா என்று பார்க்க ஆள் இல்லை. நோயாளிகளின் தன்மையும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது. இவை எல்லாம் நல்ல ஊகங்கள்தான். ஆனால் ஊகங்கள்.

மாத்திரையோடு நேருக்கு நேர் மோதினால்?

ரீல்ஸில் சொல்வது போல 'மாத்திரைக்குப் பதில் ஹெட்செட்' என்று வாதிடுபவர்கள் 2017-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட ஆய்வை அவசியம் பார்க்க வேண்டும். பிரேசிலின் ஆந்த்ரே புரூனோனி குழுவினர் 245 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எஸ்சிட்டாலோப்ராம் மாத்திரை, ஒரு குழுவுக்கு மின்தூண்டல், ஒரு குழுவுக்கு இரண்டும் டம்மி. 10 வாரத்தில் ஹாமில்டன் மதிப்பெண் மாத்திரைக் குழுவுக்கு 11.3 புள்ளி குறைந்தது. மின்தூண்டலுக்கு 9.0. டம்மிக்கு 5.8.

டம்மியை மின்தூண்டல் முந்தியது. ஆனால் 'மாத்திரைக்குக் குறைந்தது இல்லை' என்று நிரூபிக்க முடியவில்லை. அந்த மாத்திரை நம்மூர் மருந்துக்கடைகளிலும் கிடைக்கும் சாதாரண மருந்துதான்.

மாத்திரைகளின் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மனச்சோர்வு மாத்திரைகளை டம்மி மாத்திரையோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வுத் தொகுப்புகளில் சராசரி இடைவெளி 2 புள்ளி வாக்கில்தான் இருக்கிறது. ஹெட்செட்டின் 2.3 புள்ளியைப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சராசரி என்பது வேறு. ஒரு குறிப்பிட்ட ஆளுக்குக் கிடைக்கும் பலன் வேறு. சிலருக்கு ஒரு மாத்திரை வாழ்க்கையையே திருப்பிக் கொடுக்கும். சிலருக்கு மூன்றாவது மாத்திரையில்தான் வழி பிறக்கும். சிலருக்கு வாந்தி, தூக்கக் கலக்கம், தாம்பத்திய நாட்டம் குறைவது போன்ற தொந்தரவுகளால் எதையுமே தொடர முடியாது. அந்தக் கடைசி வகையினருக்கு மருத்துவர் கையில் இன்னொரு வழி இருப்பது நல்ல செய்தி. இந்தக் கருவிக்கு உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

எதற்கும் ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரும், நோயும் திரும்பலாம். நிறுத்துவதாக இருந்தால் மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான்.

டம்மி குழு ஏன் 7 புள்ளி தேறியது?

இந்தத் தலைப்பில் வரும் செய்திகளில் பெரும்பாலும் யாரும் நின்று பார்க்காத எண் இது. கரண்டே போகாத பிளாஸ்டிக் வளையத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் எப்படித் தேறினார்கள்?

மனச்சோர்வு சிலருக்குக் காலப்போக்கில் தானாகவும் தணியும், அது ஒரு பகுதி. நம்பிக்கை ஒரு பகுதி. அதோடு அந்த 10 வாரத்தில் அவர்களுக்கு என்னவெல்லாம் கிடைத்தது என்று பாருங்கள். எழுந்து, நேரத்துக்கு உட்கார்ந்து செய்ய ஒரு வேலை. 'எப்படி இருக்கீங்க? நேத்து தூங்கினீங்களா?' என்று பொறுமையாகக் கேட்கும் பயிற்சி பெற்ற ஒரு மனிதர், திரையின் மறுபக்கம். 'உனக்கு இருப்பது நோய்தான், சோம்பேறித்தனம் இல்லை' என்ற அங்கீகாரம். மனச்சோர்வில் இருப்பவருக்கு இது சின்ன விஷயமே இல்லை. 9.41-ல் 7.14 இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. கருவியை மட்டும் வாங்கி, பார்க்க ஆள் இல்லாமல் அறையில் தனியாக மாட்டிக்கொள்பவருக்கு இந்த 7.14 கிடைக்குமா என்பதுதான் என் சந்தேகம்.

பேட்டரியும் வயரும் போதும் என்று நினைக்கிறவர்களுக்கு

இது கண்டிப்பாகப் பேச வேண்டிய விஷயம். டிடிசிஎஸ் ஆய்வுகள் பிரபலமானதும், 9 வோல்ட் பேட்டரி, இரண்டு வயர், ஸ்பாஞ்சு வைத்து வீட்டிலேயே செய்துபார்க்கும் கூட்டம் வெளிநாடுகளில் உருவானது. 2013-லிருந்து வீடியோ கேம் ஆடுபவர்களைக் குறிவைத்து ஹெட்செட்களும் விற்பனைக்கு வந்தன. நிலைமை மோசமாவதைப் பார்த்து, 2016-ல் மூளை ஆய்வாளர்கள் பலர் சேர்ந்து 'அன்னல்ஸ் ஆஃப் நியூராலஜி' இதழில் திறந்த மடல் எழுதி எச்சரித்தார்கள்.

2 மில்லி ஆம்பியர்தானே, என்ன ஆகிவிடும்?

மருத்துவக் கருவிக்குள் ஒரு கட்டுப்பாட்டுச் சுற்று இருக்கிறது. பஞ்சு காய்ந்தாலும், வியர்த்தாலும், முடி நடுவில் வந்தாலும் தோலின் மின்தடை மாறிக்கொண்டே இருக்கும். அதற்கேற்ப வோல்டேஜைக் கூட்டிக் குறைத்து, மின்னோட்டம் 2 மில்லி ஆம்பியரைத் தாண்டாமல் அது பார்த்துக்கொள்ளும். தடை அளவுக்கு மேல் போனால் நிறுத்திவிடும். வெறும் பேட்டரிக்கு அந்த அறிவு கிடையாது. காய்ந்த பஞ்சில் மின்சாரம் பரவலாகப் பாயாமல் ஒரே புள்ளியில் குவியும். அந்த இடம் வெந்துபோகும். இவ்வளவு கண்காணிப்போடு நடந்த அந்த 174 பேர் ஆய்விலேயே இரண்டு பேருக்கு நெற்றியில் தீக்காயம் ஏற்பட்டது. அப்படியென்றால் வயரைச் சுற்றிக்கொண்டு உட்காருபவர் கதி?

தோல் மட்டும் பிரச்சினை இல்லை. 'கொஞ்சம் கூட்டினால் சீக்கிரம் குணமாகும்' என்ற கணக்கும் இதில் செல்லாது. பொதுவாக எதிர்முனைக்குக் கீழே மூளையின் செயல்பாடு குறையும். 2013-ல் அதே கோட்டிங்கன் ஆய்வாளர்கள் எதிர்முனையில் 2 மில்லி ஆம்பியரை 20 நிமிடம் கொடுத்துப் பார்த்தபோது, குறைவதற்குப் பதிலாகக் கூடியது. அளவையும் நேரத்தையும் மாற்றினால் பலனே தலைகீழாகலாம். உப்பு கூடினால் குழம்பு கரிக்கும், அவ்வளவுதான். இங்கே உப்புக்குப் பதில் குழம்பு இனிக்க ஆரம்பித்தால் எப்படி இருக்கும்? அந்த மாதிரி.

யாருக்கு இது கூடாது?

தலைக்குள் உலோகக் கிளிப், தகடு, மின்கருவி எதுவும் வைத்திருப்பவர்கள், மண்டையோட்டில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், நெற்றித் தோலில் புண் உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் பக்கத்தில்கூடப் போகக் கூடாது. கர்ப்பிணிகளும் அப்படியே.

அதிகம் பேசப்படாத ஒரு ஆபத்து இருமுனைக் கோளாறு, அதாவது பைபோலார். சில மாதம் சோர்வு, சில காலம் அளவுக்கு மீறிய உற்சாகம் என்று மாறி மாறி வரும் நோய். சோர்வுக் கட்டத்தில் பார்த்தால் சாதாரண மனச்சோர்வு போலவே இருக்கும். இவர்களுக்கு மனத்தைத் தூக்கிவிடும் எந்த சிகிச்சையும் மறுபக்கத்துக்குத் தள்ளிவிடலாம். 2017 ஆய்வில் மின்தூண்டல் பெற்ற இரண்டு பேருக்குப் புதிதாக அந்த அதீத உற்சாக நிலை ஏற்பட்டது. இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க மருத்துவரின் அனுபவம் வேண்டும், ஆப் போதாது.

மற்றபடி பொதுவான தொந்தரவுகள் சின்னவைதான். தோல் சிவப்பது, அரிப்பு, லேசான தலைவலி. 'நேச்சர் மெடிசின்' ஆய்வில் நிஜக் குழுவில் 63.5 விழுக்காட்டினருக்கு நெற்றி சிவந்தது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் வகை.

இன்னொன்று, அந்த ஆய்வில் யாரைச் சேர்க்கவில்லை என்பதும் முக்கியம். இரண்டு, மூன்று மாத்திரைகளுக்கும் மசியாத பிடிவாதமான மனச்சோர்வு உள்ளவர்களையும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தீவிரமாக இருந்தவர்களையும் சேர்க்கவில்லை. ஆக, எந்தச் சிகிச்சையும் கைகொடுக்காமல் கடைசி நம்பிக்கையாக இதைத் தேடி வருகிறவர்களுக்குத்தான் இது பலன் தரும் என்பதற்கான சான்று இல்லை. வேதனையான விஷயம், ஏனென்றால் இந்தச் செய்தியை முதலில் கிளிக் செய்வது அவர்களாகத்தான் இருக்கும். அவர்களுக்கு ஆர்டிஎம்எஸ் என்ற காந்தத் தூண்டல் சிகிச்சை, இசிடி போன்றவை மருத்துவமனைகளில் இருக்கின்றன. காந்தத் தூண்டலுக்கு அமெரிக்க அனுமதி 2008-லேயே வந்துவிட்டது.

நம்ம ஊரில் என்ன நிலைமை?

அமெரிக்க அனுமதி அமெரிக்காவுக்கு மட்டும்தான். இந்தியாவில் மருத்துவக் கருவிகளை ஒழுங்குபடுத்துவது மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு. அங்கே மருத்துவர் சீட்டோடு விற்கும் ஒரு பொருளை இங்கே ஆன்லைனில் இறக்குமதி செய்து, தானாக மாட்டிக்கொள்வது சரியான வழி இல்லை. விலையும் குறைவில்லை. அமெரிக்காவில் 500 முதல் 800 டாலர் வரை இருக்கும் என்று நிறுவனம் கூறியிருக்கிறது. நம் கணக்கில் சுமார் 45,000 ரூபாயிலிருந்து 70,000 ரூபாய்.

டிடிசிஎஸ் சிகிச்சை இந்தியாவுக்குப் புதியது அல்ல. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை பல ஆண்டுகளாக இதில் ஆய்வு செய்கிறது. குறிப்பாக, மனச்சிதைவு நோயாளிகளுக்குக் காதில் விடாமல் குரல் கேட்கும் பிரச்சினைக்கு. மருத்துவமனையில், மருத்துவர் மேற்பார்வையில் எடுப்பது வேறு. படுக்கையறையில் தனியாக எடுப்பது வேறு.

பிரிட்டனில் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது உதவும். அங்கே சிகிச்சைகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பு, 2015-லேயே 'பெரிய ஆபத்து இல்லை, ஆனால் பலன் எவ்வளவு என்பதில் தெளிவில்லை, எனவே தனிக் கவனத்தோடு மட்டும் பயன்படுத்துங்கள்' என்ற தொனியில் வழிகாட்டியது. 2023-ல் நார்தாம்டன்ஷயர் பகுதியின் அரசு மருத்துவ அமைப்பு, தங்களிடம் வரும் நோயாளிகளுக்கு இந்த ஹெட்செட்டைக் கொடுத்துப் பார்க்க ஆரம்பித்தது. கருவியோடு ஊழியர்களின் தொடர் விசாரிப்பும் உண்டு.

நம் நாட்டுப் பிரச்சினை கருவிக்கும் முன்னால் தொடங்குகிறது. நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனநோய் வகைகளைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினர் வரை எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. 2.3 புள்ளிக்கு முன்னால் அந்த 7 புள்ளியே இவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. 'பேச ஆள் கிடைக்குமா' என்பதுதான் இங்கே முதல் கேள்வி.

கிடைக்கும். மத்திய அரசின் டெலி-மானஸ் சேவை 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும், கட்டணம் இல்லாமல், தமிழிலும் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும் மனநல ஆலோசனை உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓபி சீட்டு வாங்கி நேராகப் போகலாம். இரண்டு வாரத்துக்கு மேல் உங்களுக்கோ, வீட்டில் யாருக்கோ மேலே சொன்ன அறிகுறிகள் இருந்தால் போய்ப் பாருங்கள். மூளைத் தூண்டல் பற்றிக் கேட்க வேண்டும் என்றாலும் அந்த மருத்துவரிடமே கேட்கலாம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் இப்போதே 14416-க்கு அழையுங்கள்.